பிங் போகிறது, யூடியூப் ஓடுகிறது, வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லை: ஃபயர்வாலா, இணைப்பா?

பின்னலாடை_கணினி

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணினி, கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நெட்வொர்க் நான் படித்து வந்த பாடம் இல்லை, வேலையில் சேர்ந்த பிறகு கைப்பழக்கத்தில் வந்தது. அதனால் விவரத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அலுவலகத்தில் 14 கணினிகள். எல்லாம் ஒரு லினக்ஸ் பெட்டி வழியாகத்தான் வெளியே போகும். டெபியன், இரண்டு நெட்வொர்க் கார்டு, ஒரு ஸ்கிரிப்டில் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகள். எனக்கு முன்பு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர் அமைத்தது. இத்தனை நாளும் லீஸ்டு லைன் (எங்களுக்கென்று தனி வாடகை இணைப்பு). செலவைக் குறைக்க வேண்டும் என்று அதை நிறுத்திவிட்டு இப்போது ஃபைபர் பிராட்பேண்ட் எடுத்திருக்கிறார்கள். இணைப்புக்காரர் கொடுத்த பெட்டி பிரிட்ஜ் மோடில் இருக்கிறது, அதாவது வருவதை அப்படியே கடத்திவிடும்; பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைக்கும் முறை) டயல் செய்வது எங்கள் லினக்ஸ் பெட்டி. ஐபி வருகிறது, எல்லாக் கணினிகளையும் ஒரே வெளி ஐபியில் அனுப்பும் நாட் விதியை, டயல் செய்ததும் வரும் பிபிபி0 என்ற புதிய இணைப்பின் பக்கம் திருப்பிவிட்டேன்.

பிரச்சினை இதுதான். கூகுள் தேடல், யூடியூப் எல்லாக் கணினியிலும் நன்றாக ஓடுகின்றன. எந்த முகவரிக்குப் பிங் போட்டாலும் பதில் வருகிறது. டிஎன்எஸ் சரியாக இருக்கிறது. ஆனால் வங்கியின் நிறுவனக் கணக்குத் தளம் சுழன்றுகொண்டே நிற்கிறது. ஜெர்மனியில் உள்ள ஒரு பையரின் ஆர்டர் தளமும் அப்படியே. இன்னும் பல தளங்கள் திறப்பதில்லை, அல்லது வெகுநேரம் கழித்துத் திறக்கின்றன. அவுட்லுக்கில் வெறும் எழுத்து மட்டும் உள்ள மெயில் போய்விடும். டெக் பேக்கோ (ஆடை விவரக் கோப்பு) பேக்கிங் லிஸ்ட்டோ பிடிஎஃப்பாக இணைத்தால் அனுப்பும் பெட்டியிலேயே நிற்கும்.

எனக்குப் புரியாத இரண்டு விஷயங்கள். பில் போடும் அறையில் ஒரு பழைய விண்டோஸ் 7 கணினி இருக்கிறது, அதில் குரோம் 109. புதிய கணினிகளில் திறக்காத பல தளங்கள் அதில் திறக்கின்றன. வங்கித் தளம் மட்டும் அதிலும் வராது. இரண்டாவது, விதிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாட் மட்டும் வைத்துப் பார்த்தேன். இணைப்போடு மெயில் போய்விட்டது, ஆர்டர் தளம் திறந்தது. வங்கித் தளம் அப்போதும் திறக்கவில்லை. அப்படியென்றால் காரணம் ஃபயர்வாலா, இல்லையா?

இணைப்புக்காரரின் ஆள் வந்து, தன் மடிக்கணினியில் நேரடியாக டயல் செய்து காட்டினார். வங்கித் தளம் உட்பட எல்லாம் திறந்தது. 'உங்க ஃபயர்வால்தாங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஷிப்மெண்ட் காகிதங்களை இப்போது மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஏஜெண்டுக்கு அனுப்புகிறோம்.

விதிகளின் சுருக்கம்: பெட்டிக்கு வருவதற்கான இன்புட், அதைத் தாண்டிப் போவதற்கான ஃபார்வர்ட், அதிலிருந்து கிளம்புவதற்கான அவுட்புட் என்ற மூன்று செயினுக்கும் (விதிப் பட்டியல்) பாலிசி டிராப், அதாவது அனுமதிக்காததெல்லாம் கீழே போடப்படும். முதலில் ஐசிஎம்பியில் (பிங்கும் நெட்வொர்க் பிழைச் செய்திகளும் போகும் முறை) வகை 8, வகை 0 இரண்டுக்கும், அதாவது பிங்குக்கும் அதன் பதிலுக்கும், அனுமதி. அடுத்த வரியில் மற்ற ஐசிஎம்பி எல்லாம் டிராப். அதற்குக் கீழே எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் (ஏற்கெனவே நடக்கும் இணைப்பும் அதைச் சார்ந்ததும்) அனுமதி. அப்புறம் உள்ளிருந்து வெளியே போகும் எல்லாவற்றுக்கும் அனுமதி.

மதுரை_மோடம்

இது எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பிரச்சினை, சந்தேகமே வேண்டாம். பிபிபிஓஇக்கு மாறியவர்கள் எல்லாருக்கும் வருவதுதான். பாக்கெட்டை மாற்றும் மேங்கிள் டேபிளில் ஃபார்வர்ட் செயினில் ஒரு வரி சேருங்கள்: பிபிபி0 வழியாக வெளியேறும் டிசிபி சின் (இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட்டுகளுக்கு டிசிபிஎம்எஸ்எஸ் டார்கெட், கிளாம்ப் டு பிஎம்டியு, அதாவது அவற்றில் சொல்லும் அளவை இந்த வழிக்கு ஏற்பக் குறைப்பது. சரியாகிவிடும். அதுவும் சரிப்படவில்லை என்றால் ஒவ்வொரு கணினியிலும் நெட்ஷெல் கட்டளை கொண்டு எம்டியுவை 1400 ஆக்கிவிடுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

காவிரிக்கரை

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. விதிகளை எடுத்தபோது ஒன்று சரியாயிற்று, இன்னொன்று சரியாகவில்லை என்றீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உங்கள் பெட்டியில், மற்றொன்று வங்கியின் பக்கம். ஈரோடு, பள்ளிபாளையம் சுற்றுவட்டாரத்தில் மில், மருத்துவமனை, கல்லூரி என்று நான் வேலை செய்த பல இடங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். எம்டியு என்று மதுரை_மோடம் சொன்னது சரி. ஆனால் எங்கே, எந்தத் திசையில் அடைபடுகிறது என்று தெரியாமல் வரியைச் சேர்த்தால் பாதிதான் குணமாகும்.

லீஸ்டு லைனில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ வந்ததும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் அதன் தலைப்புக்குப் போய்விடும்: பிபிபிஓஇக்கு 6, உள்ளே இருக்கும் பிபிபிக்கு 2. மிச்சம் 1492. உங்கள் 14 கணினிகளுக்கும் இது தெரியாது. அவை ஈத்தர்நெட்டில் இருக்கின்றன, 1500 போகும் என்று நம்பி அனுப்புகின்றன. டிசிபி பாக்கெட்டுகளில் 'வழியில் உடைக்காதே' என்ற டிஎஃப் கொடியையும் வைத்தே அனுப்புகின்றன.

அப்படி ஒரு 1500 பைட் பாக்கெட் 1492 வழிக்கு வந்து சேர்ந்தால், அங்கே இருக்கும் ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஐசிஎம்பி வகை 3, குறி 4 என்ற செய்தியை அனுப்ப வேண்டும். 'இது பெரிது, என்னால் 1492 வரைதான் முடியும்' என்பது அதன் பொருள். அனுப்பியவர் அதைப் பார்த்து அடுத்த பாக்கெட்டைச் சிறிதாக்குவார். 1990-ல் ஆர்எஃப்சி 1191 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவணம்) வகுத்த முறை இது. பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ரயில்வே கீழ்ப்பாலத்துக்கு வருகிறது, உயரம் போதாது. திருப்பி அனுப்பும்போது 'இத்தனை அடிதான்' என்று சொல்லி அனுப்பினால் ஓட்டுநர் சுமையைக் குறைத்துக்கொண்டு வருவார். லாரியையும் காணாமல் அடித்து, சேதியையும் சொல்லாமல் விட்டால் ஊரில் இருப்பவர் அதே உயரத்துக்கு அடுத்த லாரியை அனுப்பிக்கொண்டே இருப்பார். உங்கள் ஸ்கிரிப்டில் ஐசிஎம்பியை மொத்தமாக டிராப் செய்யும் அந்த ஒரு வரி செய்வது இதைத்தான்.

இப்போது திசையைப் பாருங்கள். உங்கள் பக்கமிருந்து வெளியே போகும்போது 1492 என்ற குறுகல் எங்கே இருக்கிறது? உங்கள் லினக்ஸ் பெட்டியின் பிபிபி0-ல். எனவே 'பெரிது' என்ற செய்தியை உருவாக்க வேண்டியதும் உங்கள் பெட்டிதான். உருவாக்குகிறது, ஆனால் அதன் சொந்த அவுட்புட் செயினே அதை விழுங்கிவிடுகிறது. மெயில் இணைப்பு நிற்பது அதனால். விதிகளை எடுத்ததும் செய்தி கணினிக்குப் போய்ச் சேர்ந்தது, மெயிலும் போய்விட்டது.

வெளியிலிருந்து உள்ளே வரும்போது குறுகல் இணைப்புக்காரரின் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து செய்தி வங்கியின் சர்வருக்குப் போக வேண்டும். வங்கிக்காரர்களின் ஃபயர்வாலும் ஐசிஎம்பியை அடைத்து வைத்திருந்தால் சர்வர் 1500 பைட் பாக்கெட்டுகளையே திரும்பத் திரும்ப அனுப்பும். பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கத் தளம் அனுப்பும் டிஎல்எஸ் சான்றிதழ் ஒரு பாக்கெட்டில் அடங்காது என்பதால் திறக்கும்போதே நின்றுவிடும். உங்கள் விதிகளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதில் மாற்றம் இருக்காது.

டெக்னீஷியனின் மடிக்கணினியில் எல்லாம் திறந்ததற்குக் காரணம், டயல் செய்தது அந்த மடிக்கணினியே. தன் இணைப்பு 1500 இல்லை என்று அதற்கு நேரடியாகத் தெரியும். டிசிபி தொடங்கும்போதே எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போகத் தான் ஏற்கும் தரவு) குறைத்துச் சொல்லிவிடும், எதிர்முனையும் அதற்குள் நின்றுகொள்ளும். அதனால் அவர் காட்டிய சோதனை உங்கள் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் காட்டியது. வேறு எதற்கும் அது சாட்சி இல்லை.

கூகுளும் யூடியூபும் ஓடுவது ஏன் என்றால், குரோமில் அவை பெரும்பாலும் டிசிபிக்குப் பதில் யுடிபி 443-ல் குவிக் என்ற வேறொரு முறை மூலம் போகின்றன. குவிக் தன் பாக்கெட்டை 1200 பைட் சுற்றுவட்டத்தில் தொடங்கி, பெரியது போகும் என்று தானே சோதித்துத் தெரிந்த பிறகுதான் ஏற்றும். ஐசிஎம்பி செய்தியை நம்பி அது உட்கார்ந்திருக்கவில்லை. 'யூடியூப் ஓடுதே, அப்புறம் என்ன' என்று யாராவது சொன்னால் அது இந்த நோய்க்குச் சோதனையே இல்லை.

பழைய விண்டோஸ் 7 விஷயம்தான் இந்தத் திரியில் எனக்கு மிகவும் பிடித்தது. 2024 ஏப்ரலில் வந்த குரோம் 124 முதல், எதிர்காலக் குவாண்டம் கணினிகளுக்கு எதிரான சாவிப் பரிமாற்றமும் முதல் வணக்கத்திலேயே சேர்ந்து போகிறது. அந்தச் சாவி மட்டுமே ஆயிரத்துச் சொச்சம் பைட். எனவே புதிய குரோமின் கிளையண்ட் ஹலோ, அதாவது அந்த முதல் வணக்கம், ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் போகும், அதில் முதலாவது முழு 1500. அது உங்கள் பெட்டியிலேயே செத்துவிடுகிறது. குரோம் 109-ன் ஹலோ சின்னது, தாண்டிவிடும். புதிய கணினியிலும் சில தளங்கள் திறந்தால், அந்த சர்வர்கள் தாங்களே சிறிய எம்எஸ்எஸ் சொல்கின்றன என்று அர்த்தம். வெகுநேரம் கழித்துத் திறப்பவை, கணினி பலமுறை அனுப்பிப் பார்த்துவிட்டு ஊகத்தில் அளவைக் குறைப்பதால் திறக்கின்றன.

சரி, என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு விண்டோஸ் கணினியில் பிங் கட்டளையோடு எஃப் (உடைக்காதே), எல் (அளவு) என்ற இரண்டு தேர்வுகளையும் சேர்த்து, வெளியே ஏதாவது ஒரு முகவரிக்கு 1464 அளவில் போடுங்கள். 1464-உடன் ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 1492. பதில் வர வேண்டும். அடுத்து 1472, அதாவது மொத்தம் 1500. நல்ல ஃபயர்வால் என்றால் 'உடைக்க வேண்டும், ஆனால் டிஎஃப் இருக்கிறது' என்ற செய்தி வரும். உங்களுக்கு நேரம் கடந்தது என்று மட்டும் வந்தால் பெட்டி செய்தியை விழுங்குகிறது. 1473 போட்டுவிட்டு ஏமாறாதீர்கள், அதற்கு உங்கள் கணினியே தன் வாயால் பதில் சொல்லிவிடும், பாக்கெட் வெளியே போகவே போகாது.

அடுத்து, பெட்டியில் ஐபிடேபிள்ஸ் பட்டியலை எண்ணிக்கையோடு எடுத்து, அவுட்புட் செயினில் ஐசிஎம்பி டிராப் வரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய இணைப்போடு ஒரு மெயில் அனுப்பத் தொடங்கிவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. நேரம் இருந்தால், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் இரண்டு ஓடவிடுங்கள், ஒன்று உள் கார்டில், ஒன்று பிபிபி0-ல். உள்ளே 1460 நீளமுள்ள (1500-ல் தலைப்புகள் 40 போக) ஒரே துண்டு மறுபடி மறுபடி வரும், பிபிபி0-ல் அது தெரியவே தெரியாது. உள்ளே 1460-ஐவிடப் பெரிய எண் தெரிந்தால் கார்டு துண்டுகளைச் சேர்த்துக் காட்டுகிறது, ஈத்டூல் கொண்டு ஜிஆர்ஓவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு கணினியிலும் எம்டியுவை 1400 ஆக்கும் வேலை மட்டும் வேண்டாம். கேமராப் பெட்டி, வைஃபையில் வரும் பையரின் போன், நாளை வாங்கும் கணினி எல்லாவற்றிலும் போய் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. குறுகல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வைத்தியம்.

பின்னலாடை_கணினி

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. சோதனை முடிவுகள்: 1464-க்கு உடனே பதில். 1472-க்கு நேரம் கடந்தது, நேரம் கடந்தது என்று நான்கு வரியும் அதுவே. அவுட்புட் டிராப் வரியின் எண், மெயில் அனுப்பும்போது கண்ணெதிரே ஏறியது.

ஷிப்மெண்ட் அவசரம் என்பதால் மதுரை_மோடம் அண்ணா சொன்ன கிளாம்ப் வரியை இப்போதைக்குச் சேர்த்திருக்கிறேன். பழைய விண்டோஸ் 7 கணினியில் வங்கித் தளம் திறந்துவிட்டது! ஆனால் புதிய கணினிகளில் அதே தளம் இன்னும் நிற்கிறது, மெயில் இணைப்பும் போகவில்லை. டிசிபிடம்ப்பில் இன்னொன்றும் பார்த்தேன். ஹலோவின் பின்பாதி, சிறிய துண்டு, பிபிபி0-ல் வெளியே போகிறது. முன்பாதி போகவில்லை. அங்கிருந்து ஒரே ஏசிகே (பெற்றேன் என்ற ரசீது) திரும்பத் திரும்ப வருகிறது.

காவிரிக்கரை

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஏசிகே எதிர்முனை 'முன்பாதி எனக்கு வரவில்லை, பின்பாதி மட்டும் கையில் இருக்கிறது' என்று சொல்வது. உங்கள் கணினி முன்பாதியை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது, பெட்டி அதைத் தாண்டவிடவில்லை.

கிளாம்ப் வரி ஏன் பாதி வேலை செய்தது என்றால், அதில் 'பிபிபி0 வழியாக வெளியேறும்' என்ற நிபந்தனை இருக்கிறது. உங்கள் கணினி அனுப்பும் சின் பாக்கெட் அப்படி வெளியேறுகிறது, அதில் எம்எஸ்எஸ் 1460-லிருந்து 1452 ஆகிவிட்டது. வங்கியின் சர்வர் அதைப் படித்து இனி 1492-க்குள் அனுப்பும். எனவே வரத்து சரியாகிவிட்டது. ஆனால் சர்வர் சின்னுக்குப் பதிலாகத் திருப்பி அனுப்பும் சின் ஏசிகே பிபிபி0 வழியாக உள்ளே வந்து உள் கார்டு வழியாக வெளியேறுகிறது. உங்கள் வரி அதைத் தொடுவதே இல்லை. அதில் 1460 என்றே இருக்கும், உங்கள் கணினியும் 1500 பைட் பாக்கெட்டையே அனுப்பும்.

அந்த வரியிலிருந்து கார்டு நிபந்தனையை எடுத்துவிடுங்கள். ஃபார்வர்ட் செயினில் சின் கொடி உள்ள எல்லா டிசிபி பாக்கெட்டுக்கும் கிளாம்ப். லினக்ஸ் போகும் வழி, வந்த வழி இரண்டின் எம்டியுவையும் பார்த்துச் சிறியதை எடுத்துக்கொள்ளும், அதனால் உள் கார்டு பக்கம் வெளியேறும் சின் ஏசிகேயும் 1452 ஆகிவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மேங்கிள் டேபிளைக் காலி செய்யும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிளாம்ப் அதற்குக் கீழே, அந்த ஸ்கிரிப்டிலேயே இருக்க வேண்டும். கையால் சேர்த்துவிட்டு விட்டால் பெட்டியை அடுத்த முறை ஏற்றும்போது காணாமல் போகும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். கிளாம்ப் டிசிபிக்கு மட்டும்தான். அடிப்படைக் கோளாறு ஐசிஎம்பி வரி. எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் அனுமதியை மூன்று செயினிலும் முதல் வரியாக ஏற்றுங்கள். ஏற்கெனவே நடக்கும் ஓர் இணைப்பைப் பற்றி வரும் ஐசிஎம்பி பிழைச் செய்தியை லினக்ஸ் ரிலேட்டட் என்றே அடையாளம் காணும். இப்போது உங்களிடம் அந்த அனுமதி இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அதற்கு மேலேயே டிராப் வரி உட்கார்ந்திருக்கிறது. வகை 3 முழுவதையும், பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டுக்குத் தேவையான வகை 11-ஐயும், தலைப்பில் பிழை என்று சொல்லும் வகை 12-ஐயும் தனியாகவும் அனுமதியுங்கள். பிங்குக்கு வேகக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்புப்_பிரிவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் பல நிறுவனங்களுக்குத் தணிக்கை செய்கிறோம். வெளியுலகத்திலிருந்து ஐசிஎம்பி வரக்கூடாது என்பது எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரும் ஐசிஎம்பி என்றாலே குறை எழுதுகிறது. திறந்துவிடச் சொல்வது பொறுப்பான அறிவுரையா? கிளாம்ப் போட்டாயிற்று, வேலை நடக்கிறது, அதோடு விடலாமே.

காவிரிக்கரை

விடக்கூடாது என்றுதான் சொல்கிறேன், அதை உரக்கவே சொல்கிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1996 வாக்கில் பிங் ஆஃப் டெத் வந்தது, 65,535 பைட்டைத் தாண்டும் பிங்கைத் துண்டு துண்டாக அனுப்பி இயங்குதளத்தைக் கவிழ்த்தார்கள். அதையடுத்து ஸ்மர்ஃப் தாக்குதல், ஒரு நெட்வொர்க்கின் பிராட்காஸ்ட் முகவரிக்குப் பிங் போட்டு எல்லாக் கணினிகளையும் ஒருவர்மேல் பதில் கொட்ட வைத்தார்கள். முதலாவது இயங்குதளத்தில் திருத்தப்பட்டுவிட்டது. இரண்டாவதற்கு, அப்படிப்பட்ட பிராட்காஸ்ட்டை ரவுட்டர்கள் தாமாகக் கடத்தக் கூடாது என்று 1999-ல் ஆர்எஃப்சி 2644 வந்துவிட்டது. இரண்டுமே பிங் சம்பந்தப்பட்டவை. வகை 3-க்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அன்று எழுதிய 'ஐசிஎம்பி எல்லாம் டிராப்' என்ற வரி ஒவ்வொரு ஸ்கிரிப்டாக நகலாகிக்கொண்டே வருகிறது. செய்தி தொலைவதால் டிசிபி இப்படித் தொங்கும் என்று 2000-லேயே ஆர்எஃப்சி 2923 எழுதி வைத்துவிட்டது.

இந்தத் திரியிலேயே பாருங்கள். அந்த ஸ்கிரிப்ட் பிங்கை அனுமதித்தது. பழைய தாக்குதல் இரண்டும் எதில் நடந்தனவோ அதைத் திறந்து வைத்துவிட்டு, பிழையைத் தெரிவிக்கும் செய்தியை மட்டும் அடைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் ஷிப்மெண்ட் காகிதம் அனுப்ப முடியாமல் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் போகும் கோப்புகள் எந்த ஃபயர்வால் வழியாகவும் போகவில்லை என்பதையும் தணிக்கையாளர் யோசிக்க வேண்டும்.

உங்கள் ஸ்கேனர் எழுதும் குறை என்ன என்று ஒருமுறை திறந்து படியுங்கள். நான் பார்த்த அறிக்கைகளில் அது பெரும்பாலும் டைம்ஸ்டாம்ப், அதாவது நேரம் கேட்கும் வகை 13-க்கு விடையாக வகை 14 போகிறது என்பது. அதை அடையுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 'வேறு வழியில் போ' என்னும் ரீடைரக்ட், வகை 5, அதையும் அடையுங்கள். அடைக்க வேண்டியவை இருக்கின்றன, அவற்றைப் பெயர் சொல்லி அடைக்க வேண்டும்.

ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) வந்த பிறகு இது இன்னும் கடுமை. அங்கே வழியில் இருக்கும் எந்த ரவுட்டரும் பாக்கெட்டை உடைக்காது, அனுப்பியவர்தான் சிறிதாக்க வேண்டும். 'பெரிது' என்ற செய்தி அங்கே ஐசிஎம்பிவி6 வகை 2. அதை அடைத்தால் வழியில் உடைத்தாவது தப்பிக்கலாம் என்பதும் கிடையாது. ஃபயர்வாலில் எந்த ஐசிஎம்பிவி6-ஐ விட வேண்டும், எதை அடைக்கலாம் என்று 2007-ல் ஆர்எஃப்சி 4890 வகை வகையாகச் சொல்கிறது. உங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் அந்த முதல் பக்கத்தை மாற்றுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பட்டியலைப் பார்த்து நூறு பேர் ஸ்கிரிப்ட் எழுதுவார்கள்.

தம்பி, இணைப்புக்காரர் உங்களுக்கு ஐபிவி6-உம் கொடுக்கிறார் என்றால் ஐபி6டேபிள்ஸிலும் இதே இரண்டு வேலையைச் செய்யுங்கள். கிளாம்ப் தனியாகப் போட வேண்டும், அங்கே தலைப்பு பெரிது என்பதால் எம்எஸ்எஸ் 1432 ஆகும்.

பாதுகாப்புப்_பிரிவு

அறிக்கையைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது போல டைம்ஸ்டாம்ப்தான். வகை வாரியாகப் பிரித்து எழுதுவது பற்றி எங்கள் குழுவில் பேசுகிறேன்.

பின்னலாடை_கணினி

அக்கா, எல்லாம் சரியாகிவிட்டது. கிளாம்பில் கார்டு நிபந்தனையை எடுத்ததும் புதிய கணினிகளிலும் வங்கித் தளம் திறந்தது, டெக் பேக்கோடு மெயிலும் போனது. பிறகு கிளாம்பைச் சற்று நேரம் எடுத்துவிட்டு, ரிலேட்டட் வரியை மேலே ஏற்றி, வகை 3-ஐ மட்டும் திறந்து சோதித்தேன். மெயில் இணைப்பு அப்போதும் போகிறது. 1472 பிங்குக்கு இப்போது 'உடைக்க வேண்டும்' என்ற பதில் உடனே வருகிறது. வங்கித் தளம் மட்டும் கிளாம்ப் இல்லாமல் திறக்கவில்லை, நீங்கள் சொன்னபடி அது அவர்கள் பக்கம். இரண்டையும் ஸ்கிரிப்டில் எழுதி, பெட்டியை அணைத்து ஏற்றியும் பார்த்துவிட்டேன். வங்கிக்கு இதை எப்படித் தெரிவிப்பது என்று தெரியவில்லை.

இன்னொரு கேள்வி. கோவையில் எங்கள் குடோனுக்கு வயர்கார்ட் சுரங்கம் (இரண்டு இடங்களை இணையம் வழியே இணைக்கும் விபிஎன்) போடப் போகிறோம். அங்கே ஸ்டாக் பார்க்கும் மென்பொருள் இங்கே உள்ள சர்வரோடு பேச வேண்டும். அதிலும் இதே தொல்லை வருமா?

காவிரிக்கரை

வங்கியின் உதவிப் பிரிவுக்கு எழுதும்போது 'தளம் திறக்கவில்லை' என்று எழுதினால் குக்கீயை அழிக்கச் சொல்வார்கள். 'எம்டியு 1492 உள்ள இணைப்பிலிருந்து வரும்போது, உங்கள் சர்வர் ஐசிஎம்பி வகை 3 குறி 4-ஐ ஏற்பதில்லை, கிளையண்ட் ஹலோவுக்குப் பிறகு பெரிய பாக்கெட் வருவதில்லை' என்று எழுதி, கிளாம்ப் இல்லாமல் எடுத்த டிசிபிடம்ப் கோப்பையும் இணையுங்கள். உங்கள் கணக்கைக் கவனிக்கும் வங்கி மேலாளர் மூலமாக அவர்களின் நெட்வொர்க் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள்.

வயர்கார்ட் வரும், ஆனால் முன்கூட்டியே தடுத்துவிடலாம். அது தானாக எடுத்துக்கொள்ளும் எம்டியு 1420. வெளியே 1500 இருக்கிறது என்ற கணக்கில், ஐபிவி6 வழியாகப் போனாலும் போதும்படி 80 பைட் கழித்து வைத்த எண் அது. உங்களிடம் வெளியே 1492, எனவே 1412. கோவையில் வேறு வகை இணைப்பாக இருந்தாலும் இரண்டு முனையிலும் 1412 என்றே எழுதுங்கள். வயர்கார்டுக்கு எந்த யுடிபி போர்ட் வைக்கிறீர்களோ அதைத் திருப்பூர்ப் பெட்டியின் இன்புட் செயினில் திறக்க மறக்காதீர்கள், உங்கள் பாலிசி டிராப். சுரங்கம் ஏறியதும் குடோன் கணினியிலிருந்து எஃப், எல் தேர்வுகளோடு 1384 அளவில் இங்கே உள்ள சர்வருக்குப் பிங் போட்டுப் பாருங்கள். அது வந்தால் ஸ்டாக் மென்பொருளுக்குப் பாக்கெட் அளவால் தொல்லை வராது.